கம்பனி காப்புறுதி இருக்கும்போது கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன ஆகும்?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கம்பனியில் வேலை நிரந்தரமானதும் கம்பனி காப்புறுதிக்கான மெடிக்கல் கார்ட் ஒன்று கைக்கு வரும். அன்றிலிருந்தே நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு: இனி டிக்கோயா கவர்மென்ட் ஆஸ்பத்திரி வார்டில் படுத்தால் காப்புறுதி வீண், தனியாரிடம் போனால்தான் காசு. அது அப்படியில்லை.

நம் இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒரு காப்புறுதித் திட்டமே கிடையாது. அதற்கென்று யாரும் சந்தா கட்டுவதில்லை, வேலை இருக்கிறதா என்று வார்டில் யாரும் கேட்பதுமில்லை. அதனால் வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் சொல்கிற 'முதலில் எந்தக் காப்புறுதி கட்டும், மிச்சத்தை எது கட்டும்' என்ற கணக்கு சாதாரண வார்டில் வராது, ஏனென்றால் பில்லே வராது.

பில் இல்லையென்றால் கம்பனி காப்புறுதி எதைக் கொடுக்கும்? பல கம்பனிக் காப்புறுதிகளில், அரசாங்க ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களுக்கு நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை எழுதியிருக்கும். எவ்வளவு என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், எச்.ஆரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் (கேட்கவே கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம், ஏனோ தெரியவில்லை). அடுத்தது வெளியே செய்த செலவு. ஸ்கேன் மெஷின் பழுது, இந்த ஊசி ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கி வாருங்கள் என்று துண்டு எழுதிக் கொடுப்பார்களே, அந்தக் காசையும் பெரும்பாலும் கேட்கலாம். ஆனால் காகிதம் சரியாக இருக்க வேண்டும். அப்பா வார்டில் இருந்தபோது நான் பார்மசியில் வாங்கிய மருந்துக்குக் கிடைத்தது, நோயாளி பெயர்கூட இல்லாத ஒரு சின்னச் சீட்டு. கிளெய்ம் திரும்பி வந்துவிட்டது. பெயர், திகதி, மருந்தின் பெயர் போட்ட பற்றுச்சீட்டு, கூடவே டாக்டர் எழுதிய துண்டு, இரண்டும் வேண்டும். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற நோய் நிர்ணய அட்டையை மட்டும் எக்காரணம் கொண்டும் தொலைக்காதீர்கள், அனுமதித்த நாளும் வெளியேறிய நாளும் அதில் தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

சரி, வீட்டில் இரண்டு காப்புறுதி இருந்தால்? கணவன் கம்பனியில், மனைவி கவர்மென்ட் டீச்சர் என்றால் அவருக்கு 'அக்ரஹார' இருக்கும், அரச ஊழியருக்காகத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துவது. ஒரே பில்லுக்கு இரண்டு இடத்திலும் முழுக்காசு வாங்க முடியாது. ஒரு இடத்தில் பாதிதான் கிடைத்ததென்றால் மிச்சத்துக்கு மற்ற இடத்தில் கேட்டுப் பார்க்கலாம். அசல் பில் முதல் இடத்துக்கே போய்விடும், ஆகவே கொடுப்பதற்கு முன்பே கொப்பி எடுத்து வையுங்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று கடிதமும் வாங்குங்கள். காலக்கெடு இரண்டுக்கும் தனித்தனி, முதல் காசு வரட்டும் என்று காத்திருந்து இரண்டாவதைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்களிடம் மெடிக்கல் கார்ட் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்) இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் பிடிக்காமல், தொழில் தருநர் தன் கையால் 3% கட்டுகிற நிதி அது. வேலையை விடும்போது வாங்குகிற காசு என்று மட்டும்தான் நாம் நினைக்கிறோம், இருதய சத்திரசிகிச்சை, கண் வில்லை, சிறுநீரக மாற்று ஆகியவற்றுக்கும் அங்கே உதவி உண்டு. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதியம்) வேறு, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேலை செய்கிற இடத்தில் குளவி கொட்டியோ, மலையில் சறுக்கி விழுந்தோ ஆஸ்பத்திரிக்குப் போனால் அது இன்னொரு கணக்கு. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, பொறுப்பு தொழில் தருநருடையது. வைத்தியம் இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக அந்த நட்டஈட்டு உரிமை போய்விடாது. விபத்தைத் தோட்ட ஆபீசில் அன்றைக்கே பதியச் சொல்லுங்கள்.

பெரிய ஆபரேஷன், கையில் எதுவும் இல்லை என்றால் ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்கலாம். 2025 முதல் இதற்காகக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை, உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். வேறு காப்புறுதி இருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

அப்புறம், கம்பனியை விட்டு விலகினால் அந்த மெடிக்கல் கார்டும் கம்பனியோடு நின்றுவிடும். விலகுவதற்கு முந்திய பில்கள் அலுமாரியில் கிடந்தால் கடைசி நாளுக்கு முன் கொண்டுபோய்க் கொடுங்கள்.