கரட்டில் நிற்கும் குட்டை மரத்தைத் தோண்டாதீர்கள்

பாறை இடுக்கில் முழங்கால் உயரத்துக்கு ஒரு உசில். அடிமரம் மட்டும் தொடைப் பருமன், பட்டை வெடித்துக் கிடக்கும், கிளைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இப்படிப்பட்ட மரங்களைப் படம் எடுத்து, "இதை எப்படித் தோண்டி எடுக்கலாம்?" என்று எனக்கு அனுப்புகிறவர்கள் வர வர அதிகமாகிறார்கள். தொட்டியில் மரத்தைக் குட்டையாக வளர்க்கும் போன்சாய் கலையைக் கற்றுக்கொடுப்பதும் நாற்றுப்பண்ணை நடத்துவதும் என் தொழில் என்பதால் நான் வழி சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: எடுக்காதீர்கள். ஏன் என்று ஒவ்வொருவருக்கும் போனில் விளக்குவதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது.

முதலில் அந்த மரம் ஏன் அப்படி இருக்கிறது என்று பார்ப்போம். கரட்டில் மண் சாண் ஆழம்கூட இருக்காது. மழை பெய்தால் தண்ணீர் பாறையில் வழிந்து ஓடிவிடும். நாலு துளிர் விட்டால் ஆடு வந்து கடிக்கும். கடித்த இடத்துக்குக் கீழே மறுபடி துளிர்க்கும், மறுபடி ஆடு வரும். இப்படி வருடக்கணக்காக நடப்பதால் கணுக்கள் நெருங்கி, இலை சிறுத்து, கிளைகள் முறுக்கிக்கொள்கின்றன. உசில், களா, காரை, இலந்தை எல்லாமே இந்த மாதிரி அடங்கி வளரக்கூடியவை. நாம் தொட்டியில் கத்தரிக்கோலும் கம்பியும் வைத்துச் செய்ய முயல்வதை ஆடும் காற்றும் வறட்சியும் அங்கே செய்து முடித்திருக்கின்றன. பார்த்ததும் ஆசை வருவது நியாயம்தான்.

சிக்கல் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. மரம் தண்ணீர் உறிஞ்சுவது தடித்த வேர்களால் அல்ல, அவற்றின் நுனியில் உள்ள சல்லி வேர்களால். நல்ல மண்ணில் வளரும் மரத்துக்கு அடிமரத்தின் அருகிலேயே ஓரளவு சல்லி வேர் இருக்கும். பாறை மரத்துக்கு இருக்காது. ஈரத்தைத் தேடி வேர் பாறை வெடிப்புக்குள் நுழைந்து பல அடி தூரம் போய், எங்கோ கொஞ்சம் மண் கிடைத்த இடத்தில்தான் சல்லி விட்டிருக்கும். கடப்பாறையால் நெம்பி எடுத்தால் கையில் வருவது ஒரு கட்டையும் மூன்று நான்கு தடித்த வேர்த் துண்டுகளும்தான். தண்ணீர் குடிக்கும் பகுதி முழுக்கப் பாறைக்குள்ளேயே நின்றுவிடும்.

அந்தக் கட்டையைத் தொட்டியில் வைத்தால் சில வாரங்களில் துளிர்க்கவும் செய்யும். "பிழைத்துவிட்டது" என்று படம் போடுவார்கள். அடிமரத்தில் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்து வரும் துளிர் அது. புது வேர் விட்டதற்கு அடையாளம் இல்லை. சேமிப்பு தீர்ந்ததும் துளிர் வாடும், கிளை காயும், அடுத்த கோடைக்குள் கட்டை விறகாகிவிடும். பார்க்க மிக அழகாக இருக்கும் காட்டு மரம்தான் தோண்டினால் சாவதற்கு மிக அதிக வாய்ப்புள்ள மரம். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பேர் கடப்பாறையைக் கீழே வைத்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

எல்லா மரத்தையும் ஒரே கணக்கில் எடைபோடவும் முடியாது. சோழமண்டலக் கரையோரத்தில் உலர் பசுமைக்காடு என்று ஒன்று உண்டு. உலக்கைப் பாலை, காசான், வீரை, காட்டு எலுமிச்சை, குரங்கு வெற்றிலை எல்லாம் சேர்ந்து வளரும் குட்டையான, அடர்ந்த காடு. இன்று அதில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கோயில் காடுகளும் கோடியக்கரை போன்ற சில பாதுகாக்கப்பட்ட இடங்களும்தான். உலக்கைப் பாலை மிக மெதுவாக வளர்வது. அதன் பழம் பறவைகளுக்கும் குரங்குகளுக்கும் உணவு, நம் ஊர்ப் பிள்ளைகளும் பொறுக்கித் தின்பார்கள். சின்னக் காட்டில் பழம் தருகிற வயதுள்ள ஒரு மரத்தைத் தூக்கிவிட்டால் அந்த இடம் அடுத்த தலைமுறை வரை காலிதான். குரங்கு வெற்றிலையைத்தான் உலகம் முழுக்க ஃபூக்கியன் டீ என்ற பெயரில் போன்சாயாக விற்கிறார்கள். குச்சி வைத்தாலே வேர் பிடிக்கிற செடி அது. அதற்காக ஒரு கோயில் காட்டுக்குள் மண்வெட்டியோடு போவதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

மலையிலும் இதே கதை நடக்கிறது. நீலகிரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் தவிட்டுப்பழச் செடியை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டு மதுரைக்கும் சென்னைக்கும் கொண்டுவருகிறார்கள். குளிரும் பனிமூட்டமும் பழகிய செடி சமவெளி வெயிலைத் தாங்காது. திருட்டு என்பது ஒரு பக்கம், வீண் என்பது இன்னொரு பக்கம்.

காட்டு மரங்களை எடுத்தே தீர்த்த அனுபவம் போன்சாய்க்குப் பேர்போன ஜப்பானுக்கே உண்டு. ஷிகோகு தீவின் இஷிசுச்சி மலையிலும் இதோய்கவா பகுதிச் செங்குத்துப் பாறைகளிலும் வளர்ந்த ஷிம்பாக்கு ஜூனிபர் மரங்களைக் கயிறு கட்டி இறங்கி எடுத்தார்கள். கைக்கு எட்டிய நல்ல மரங்கள் சில பத்தாண்டுகளில் அருகிப்போயின. இன்று அங்கே விற்பனைக்கு வரும் ஷிம்பாக்கு பெரும்பாலும் குச்சியிலிருந்து வளர்த்தவை. தகமாட்சு நகரின் கினாஷி பகுதியில் பைன் மரங்களை வயலில் வரிசையாக நட்டு, பயிர் மாதிரி வளர்த்துப் போன்சாய் ஆக்குகிறார்கள். இளமையிலேயே தண்டை வளைத்து, வருடாவருடம் வெட்டி, பொறுமையாகச் செய்யும் வேலை. நம் ஊரில் போன்சாய் என்றாலே காட்டில் போய் எடுப்பது என்று நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிலிப்பைன்ஸில் பந்திகே, இந்தோனேசியாவில் சந்திகி என்று சொல்லும் கடற்கரைச் செடி ஒன்று போன்சாய் சந்தையில் பெரிய விலைக்குப் போகிறது. பெம்ஃபிஸ் என்பது அதன் தாவரப் பெயர். நம் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் அது இருக்கிறது. "ராமேஸ்வரம் பக்கம் கிடைக்குமாமே" என்று கேட்டு அவ்வப்போது யாராவது பேசுகிறார்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள அந்த 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே செடி எடுப்பது வேட்டையாடுவதைப் போன்றே சட்டமீறல். அலை அடித்துக் கரையும் தீவில் மணலைப் பிடித்து வைத்திருப்பதே இந்த மாதிரிச் செடிகள்தான்.

சட்டம் என்றதும் பலர் குழம்புகிறார்கள். உண்மையில் எளிது. காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா இவற்றிலிருந்து அனுமதி இல்லாமல் ஒரு நாற்றைக்கூட எடுக்கக்கூடாது. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குத்தான் இருக்கின்றன. புறம்போக்கு, ஏரிக்கரை, சாலையோரம் என்றால் அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் துறையிடம் கேட்க வேண்டும். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சந்தனம் போன்ற சில மரங்கள் விதிவிலக்கு, அவை யார் நிலத்தில் இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், கேட்பதற்குக் காசு இல்லை.

சரி, அப்படியானால் எதைத்தான் எடுக்கலாம்? நாம் எடுக்காவிட்டாலும் எப்படியும் அழியப்போகிற மரத்தை எடுக்கலாம். நான் பின்பற்றும் ஒரே அளவுகோல் இது. அப்படிப்பட்ட மரங்கள் நம்மைச் சுற்றி ஏராளம்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முள்கிளுவை வேலி இருக்கும். நிலம் மனையாகும்போதும் கம்பி வேலி போடும்போதும் பொக்லைன் வைத்து அந்த வேலியைப் பிடுங்கி எரிக்கிறார்கள். பல வருடம் ஆடு கடித்தும் அரிவாள் பட்டும் முடிச்சு முடிச்சாகத் திரண்ட கட்டைகள் அவை. கிளுவை போத்து (வெட்டிய கிளை) வைத்தாலே வேர்விடும் இனம் என்பதால், வேர் போனாலும் கட்டை பிழைக்கும். தமிழ்நாட்டில் போன்சாய்க்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. வேலியைப் பிடுங்குகிற நாளில் உரிமையாளரைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக நிற்கிற வேலியில் கை வைக்காதீர்கள், அது எத்தனையோ குருவிகளுக்கும் ஓணான்களுக்கும் வீடு.

அடுத்தது சுவர் மரங்கள். மைனாவும் வௌவாலும் எச்சமிட்டு, பழைய வீட்டுச் சுவரிலும் கிணற்று உறையிலும் பாலத்திலும் ஆல், அரசு, இச்சி முளைக்கின்றன. கட்டடத்தைக் காப்பாற்ற அவற்றை எடுத்தே ஆக வேண்டும், பெரும்பாலும் ஆசிட் ஊற்றிக் கொல்கிறார்கள். அதற்கு முன் நாம் போனால் இரண்டு பேருக்கும் நன்மை. காட்டில் நிற்கும் அத்தி இன மரங்களை மட்டும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு அத்தி இனமும் தனக்கென்று உள்ள குளவியை நம்பியிருக்கிறது, வேறு பழம் இல்லாத காலத்தில் பறவைகள் அத்திப் பழத்தை நம்பியிருக்கின்றன.

பிறகு உண்ணிச்செடி. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து, இன்று மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளின் புல்வெளிகளை மூடி யானைக்கும் மானுக்கும் மேய்ச்சல் இல்லாமல் செய்திருக்கிற புதர். வயதான உண்ணிக் கட்டையின் பட்டை உரிந்து பழைய மரம் போலவே இருக்கும், வெட்டைத் தாங்கும், தொட்டியிலும் பூக்கும். தோட்டத்து ஓரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டுங்கள், யாரும் வருத்தப்படப் போவதில்லை. காப்புக்காட்டுக்குள் இருந்தால் அதற்கும் அனுமதி வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மீட்கிற மரத்தையும் சாகவிட்டால் என்ன பயன்? அதனால் எடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலம் முக்கியம். ஆல், அரசு, இச்சி மூன்றுக்கும் வெப்பமும் காற்றில் ஈரமும் சேர்ந்திருக்கும் நாட்கள் வேண்டும். கடலோர மாவட்டங்களில் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை நல்லது. கோவை, தென்காசிப் பக்கம் ஆடிக் காற்று அடங்கட்டும், அந்தக் காற்று புதுக் கட்டையை இரண்டே நாளில் உலர்த்திவிடும். கிளுவை, வெப்பாலை போன்ற இலையுதிர்க்கும் மரங்களை, இலை கொட்டி மொட்டு லேசாகத் திரளும் சமயத்தில் எடுக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் எதையும் தொடாதீர்கள். வீடு இடிக்கும் தேதி நம் கையில் இல்லை என்றால் அது வேறு, அப்போது முடிந்ததைச் செய்யலாம்.

தரை மரத்துக்கு அவகாசம் இருந்தால் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, அடிமரத்தைச் சுற்றி வட்டத்தில் பாதி மட்டும் பள்ளம் பறித்து வேர்களைக் கூர்மையான ரம்பத்தால் வெட்டுங்கள். பள்ளத்தை மணலும் மக்கிய இலையும் கலந்து மூடிவிடுங்கள். வெட்டிய இடத்தில் புதுச் சல்லி வரும். சில மாதம் கழித்து மீதிப் பாதி. அதன் பிறகு தூக்கினால் மரத்தோடு உயிருள்ள வேரும் வரும். சுவர் மரத்தில் வேரை இழுக்கவே கூடாது, தோல் உரிந்துவிடும். செங்கல்லை ஒன்றொன்றாகத் தட்டி எடுத்து, வேரை அதன் போக்கில் விடுவிக்க வேண்டும். வெட்டினால் பால் வடியும். தண்ணீர் தெளித்து நிறுத்தி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள். வண்டியின் மேல் திறந்து போட்டு வெயிலில் கொண்டுவருவதிலேயே பல மரங்கள் செத்துவிடுகின்றன.

வீட்டுக்கு வந்ததும் அழகான தட்டுத் தொட்டியைத் தேடாதீர்கள். ஓட்டைகள் உள்ள பழைய டப் போதும். ஆற்று மணலின் பெருவெட்டு, சலித்த செங்கல் ஜல்லி, கொஞ்சம் தேங்காய் நார்த்தூள் சேர்த்த கலவையை அதில் நிரப்புங்கள். தண்ணீர் தேங்கினால் வெட்டிய வேர் அழுகும். மரத்தைத் தொட்டியோடு சேர்த்து ஆடாமல் கட்டுங்கள், இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். காற்றில் கட்டை அசையும்போதெல்லாம் நூல் போன்ற புது வேர்கள் அறுந்துபோகும். நிழல்வலைக்குக் கீழே வைத்து, தண்டுக்கு அடிக்கடி தண்ணீர் தெளியுங்கள். இலை இல்லாத கட்டைக்கு மேலே பிளாஸ்டிக் உறை மாட்டினால் ஈரம் நிற்கும். உரம் வேண்டாம். கம்பி கட்ட வேண்டாம். வேர் வந்ததா என்று தோண்டிப் பார்க்கவே வேண்டாம். துளிர்கள் நீண்டு, இலை முற்றி, அதற்கு மேல் இரண்டாவது தடவை துளிர் விட்டால்தான் வேர் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். முழுதாக ஒரு வருடம் அதை வெறுமனே வளரவிடுங்கள்.

காத்திருக்க மனம் இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. மணிக்கட்டுப் பருமனில் ஆலம்போத்தோ கிளுவைப் போத்தோ நட்டால் முதல் நாளிலேயே உங்களுக்குத் தண்டு தயார். புளி, குருந்து போன்றவற்றை விதைத்து, நாற்றுக்கு அடியில் ஒரு ஓட்டுத் துண்டை வைத்து நிலத்தில் நடுங்கள். ஆணிவேர் கீழே இறங்காமல் வேர்கள் சுற்றிலும் பரவும். வேகமாக வளரவிட்டு, தண்டு பருத்ததும் தாழ வெட்டுங்கள், மறுபடி வளரவிடுங்கள். ஆறேழு வருடத்தில் காட்டு மரத்துக்குச் சவால்விடும் அடிமரம் கிடைக்கும், வேரும் நீங்கள் விரும்பிய இடத்தில் இருக்கும். வீட்டு முன்னால் உள்ள பெரிய மரத்தில் நல்ல கிளை கண்ணில் பட்டால் காற்றுப்பதியம் போடுங்கள், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர்விடச் செய்து பிறகு வெட்டி எடுங்கள். கிளை உங்களுக்கு, மரம் தெருவுக்கு.

ஃபேஸ்புக் குழுக்களில் மண் ஒட்டாத வேரோடு வரிசையாகக் கட்டைகளை அடுக்கிப் படம் போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஊரில், யார் நிலத்தில் எடுத்தது? தொட்டிக்கு வந்து எத்தனை மாதம் ஆகிறது? தொட்டியின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்ப முடியுமா? நேர்மையாகச் செய்கிறவர் மூன்றுக்கும் உடனே பதில் சொல்வார். முதல் கேள்விக்கே "அதெல்லாம் எதுக்குங்க, மரம் நல்லா இருக்கா பாருங்க" என்று வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். அந்தப் பணம்தான் அடுத்த கரட்டுக்குக் கடப்பாறையை அனுப்புகிறது.