ரிம் ஏறிடுச்சு, நட்டும் இறுகிடுச்சு, ஆனா வண்டி இன்னும் ரெடி இல்ல

"தம்பி, நட்டெல்லாம் இறுக்கித்தான் கிடக்கு, ரெண்டு தரம் பேலன்ஸ் செய்தும் பாத்தாச்சு, ஆனா ஐம்பது மைல் வேகத்துக்கு மேல போன உடன ஸ்டீரிங் கையில நடுங்குது, என்னெண்டு ஒருக்கா பாருமன்."

போன ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை காலைல இங்கிலாந்துல நான் வேலை பாக்கற கேரேஜுக்கு வந்த யாழ்ப்பாணத்து அண்ணை சொன்னது இது. வந்தது சாதாரண வண்டி இல்ல, நாலு வருஷம் வீட்டு கேரேஜ்லயே உக்காந்து அவரே செஞ்ச லோட்டஸ் செவன் மாதிரி வண்டி. பச்சை பெயின்ட், மஞ்சள் மூக்கு, அலுமினிய தகடு ஒவ்வொண்ணும் வரிசை பிசகாம ரிவெட் அடிச்சது, பாத்ததும் எனக்கு ஆசையா இருந்துச்சு. அவ்வளவு பொறுமையா வேலை செஞ்ச மனுஷனுக்கு வீல்ல தப்பு நடந்திருக்கும்னு யாருக்கும் தோணாது, எனக்கும் மொதல்ல தோணல.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். லோட்டஸ் செவன் காலின் சாப்மன் 1957-ல கொண்டு வந்த வண்டி, கதவு கூட பேருக்குதான், வீல் நாலும் பாடிக்கு வெளிய நிக்கும். பாகம் பாகமா, வீட்லயே பூட்டிக்கற கிட்டா வாங்கினா அப்ப வரி மிச்சம், அதனால நெறைய பேர் அப்படியே வாங்கினாங்க. 1973-ல கேட்டர்ஹாம் அதோட உரிமையை எடுத்துக்கிட்டு இன்னைக்கு வரைக்கும் செய்யறாங்க. அது போக, ஒரு இன்ச் சதுர இரும்பு குழாய வாங்கி சேஸிய தானே வெல்ட் பண்ணி, ஒரு பழைய காரை வாங்கி அதுல இருந்து என்ஜின், கியர்பாக்ஸ், வீல் வந்து உக்கார்ற ஹப், பிரேக் எல்லாம் கழட்டி போட்டு செய்யறவங்க இங்கிலாந்துல ஏகப்பட்ட பேர். அந்த பழைய காரை டோனர்னு சொல்லுவாங்க. முன்னாடி ஃபோர்டு எஸ்கார்ட், அப்புறம் சியரா, இப்ப பெரும்பாலும் மஸ்டா எம்எக்ஸ்-5. டோனர் கார் ஆயிரம் கிலோ பக்கம் வரும், செஞ்சு முடிச்ச வண்டி அறுநூறு கிலோ பக்கம்தான் வரும். இந்த நானூறு கிலோ வித்தியாசத்த மனசுல வச்சுக்கோங்க, பிரேக்ல இதுதான் பேசும்.

அண்ணையோட வண்டிக்கு வருவோம். ஒரு நட்ட கழட்டி வெளிச்சத்துல பாத்தேன். நட்டோட கூம்பு மாதிரி இருக்கற பகுதி ரிம்ல உக்காந்த தடம் சுத்தி முழு வட்டமா இருக்கணும். இதுல ஒரு பக்கம் மட்டும் பிறை நிலா மாதிரி பளபளன்னு தேஞ்சிருந்துச்சு, மறுபக்கம் தொட்டதே இல்ல. அடுத்த நட்டும் அப்படியே, ஆனா பிறை வேற திசைல. வெர்னியர எடுத்து ஹப்ப அளந்தேன், நட் ஏறற ஸ்டட்ல எதிர் எதிர் ரெண்டுக்கு நடுவுல 100 மி.மீ. ரிம்ல எதிர் எதிர் ஓட்டைய அளந்தேன், 98.

அது ஃபியட்டுக்கு வந்த அலாய் வீல். அவரோட டோனரான எம்எக்ஸ்-5 ஹப்போட நடு வளையம் 54.1 மி.மீ., ஃபியட் ரிம்மோட நடு ஓட்டை 58.1 மி.மீ., அதனால அழகா உள்ள போயிடும், தடுக்காது. ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் ஓட்டை ஒரே ஒரு மி.மீ.தான் தள்ளி இருக்கும், ஸ்பேனர வச்சு அழுத்தினா நட் இழுத்துக்கிட்டு இறங்கிடும், கைக்கு இறுகின மாதிரியே இருக்கும். ஆனா நாலு நட்டும் ரிம்ம நாலு பக்கம் இழுத்துக்கிட்டு நிக்குது, ஸ்டட் ஒவ்வொண்ணும் லேசா வளைஞ்சு நிக்குது, ரிம் நடுவுல உக்காரவே இல்ல. பேலன்ஸ் மெஷின்ல ரிம்ம அதோட நடு ஓட்டைல பிடிச்சு சுத்தறதால அங்க எல்லாம் சரியாதான் காட்டும். ரோட்லதான் நடுங்கும். அப்படியே விட்டிருந்தா ஒரு நாள் நட் தளரும், இல்ல ஸ்டட் அறுந்துக்கும், எது மொதல்லன்றது மட்டும்தான் கேள்வி.

"டெஸ்ட் பாஸ் பண்ணின வண்டியாச்சே தம்பி"ன்னார். பாஸ் பண்ணினது உண்மைதான், ஆனா டெஸ்ட்டுக்கு போனப்ப இருந்தது டோனரோட ஒரிஜினல் வீல். பாஸ் ஆகி நம்பர் பிளேட் வந்த அடுத்த மாசம் பழைய சாமான் விக்கற ஒருத்தர்கிட்ட இந்த அழகான ரிம்ம பாத்து வாங்கி மாட்டியிருக்கார், விக்கறவர் "நாலு போல்ட் 100" னு சொல்லிதான் குடுத்திருக்கார். இதுதான் நான் திரும்ப திரும்ப பாக்கற விஷயம், இத எழுதறதே அதுக்காகத்தான். இங்க வீட்ல செஞ்ச காரை ரோட்டுக்கு கொண்டு வர ஐவிஏன்னு ஒரு டெஸ்ட், 2009-ல இருந்து இருக்கு, பிரேக்க ரோலர்ல போட்டு அளப்பாங்க, கூர்மையா எது நீட்டிக்கிட்டு இருந்தாலும் விட மாட்டாங்க, நல்ல கறாரான டெஸ்ட். ஆனா அது அன்னைக்கு அந்த வண்டில என்ன இருந்துச்சோ அதுக்கு மட்டும்தான். அதுக்கப்புறம் நீங்க மாத்தற ரிம், டயர், பிரேக் பேட் எதையும் யாரும் வந்து உங்களுக்காக அளந்து பாக்கப் போறதில்ல.

ரிம் வாங்கறப்ப விக்கறவங்க சொல்றத நம்பாதீங்க, நீங்களே அளங்க. நாலு ஓட்டை ரிம்னா ஒரு ஓட்டையோட வெளி விளிம்புல இருந்து எதிர் ஓட்டையோட உள் விளிம்பு வரைக்கும் அளந்தா நடுவுக்கு நடு அளவு கிடைச்சிடும். அஞ்சு ஓட்டைல நேர் எதிர்ல ஓட்டை இல்ல, பக்கத்து பக்கத்து ரெண்டு ஓட்டையோட நடுவுக்கு நடு அளந்து 1.701-ஆல பெருக்குங்க. ஃபோர்டு சியரா ஹப் 108, பழைய எம்எக்ஸ்-5 ஹப் 100, ரெண்டும் நாலு ஸ்டட்தான், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அப்புறம் வண்டிய ஜாக்கில தூக்கி ரிம்ம கையால மட்டும் மாட்டுங்க, நட்ட விரலால மட்டும் சுத்துங்க, கூம்பு போய் உக்கார்ற வரைக்கும் விரல்லயே போகணும். ஸ்பேனர் கேக்குதுன்னா அங்கயே நிறுத்திடுங்க.

நட்டோட முகமும் ரிம்மோட முகமும் ஒரே வடிவமான்னு பாக்கணும், சில ரிம் கூம்பு நட் கேக்கும், சில ரிம் உருண்டை முகம் கேக்கும், மாத்தி போட்டா கோடு மாதிரி ஒரு இடத்துலதான் தொடும். மரை எவ்வளவு பிடிக்குதுன்னு எண்ணுங்க, 12 மி.மீ. ஸ்டட்டுல மரைக்கு மரை 1.5 மி.மீ.னா குறைஞ்சது எட்டு முழு சுத்து. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல வைக்கற ஸ்பேசர் போட்டவங்க கட்டாயம் எண்ணணும், ஏன்னா ஸ்பேசர் தின்ன அளவு அப்படியே மரைல குறையும். இன்னொண்ணு, வீட்ல செய்யறவங்களுக்கு ஹப்ப பவுடர் கோட்டிங் பண்ண ஒரு ஆசை வரும், பண்ணுங்க, ஆனா ரிம் வந்து உக்கார்ற முகத்துல பெயின்ட் இருக்கவே கூடாது. அந்த பெயின்ட் சூட்டுலயும் அழுத்தத்துலயும் மெல்ல நசுங்கும், நசுங்கின அளவுக்கு நட் தளரும், நீங்க எவ்வளவு டார்க் வச்சு இறுக்கினாலும் சரி.

ஆஃப்செட், அதாவது ரிம் எவ்வளவு உள்ள வெளிய தள்ளி நிக்குதுன்றது பத்தி சுருக்கமா சொல்றேன். ஸ்ப்ரிங்க கழட்டிட்டு வீல மேல கீழ முழுசா ஆட்டி, ஸ்டீரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு, எங்கயாவது உரசுதான்னு பாருங்க, ரிம்முக்கும், பிரேக் பேட பிடிச்சிருக்கற காலிபருக்கும் நடுவுல களிமண் உருண்டைய ஒட்டி சுத்தி பாத்தா இடைவெளி எவ்வளவுன்னு அதுவே காட்டிடும். அப்ப பிரேக் ஹோஸையும் பாருங்க, வண்டி தரைல நிக்கறப்ப சரியா இருக்கற ஹோஸ், வீல் முழுசா தொங்கி ஸ்டீரிங்கும் ஒடிச்சிருக்கறப்ப விறைச்சு இழுக்கும்.

டயர்ல எனக்கு இருக்கற கவலை வேற. சாதாரண கார்ல டயர் தேஞ்சு மாத்துவோம். இந்த வண்டி தேய்க்கவே தேய்க்காது, எடை இல்ல, வெயில் வந்தாதான் வெளிய வரும், வருஷத்துக்கு ஆயிரம் ரெண்டாயிரம் மைல். பத்து வருஷம் ஆனாலும் பட்டன் ஆறு மி.மீ. இருக்கும், எம்ஓடின்ற வருஷாந்திர டெஸ்ட்ல பாஸ் ஆகிடும், சட்டத்துக்கு வேண்டியது 1.6 மி.மீ.தான். ஆனா ரப்பர் கல்லாயிருக்கும். நகத்த வச்சு அழுத்தினா புது டயர்ல பள்ளம் விழும், இதுல வழுக்கும். காஞ்ச ரோட்ல சமாளிக்கும், மழைல ஒரு ரவுண்டானால பின்பக்கம் சொல்லாம கொள்ளாம வெளிய போகும். டயர்ல டாட்னு ஆரம்பிக்கற எழுத்துக்கு கடைசில நாலு எண் இருக்கும், 2314-ன்னா 2014-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. மூணு எண்தான் இருந்துச்சுன்னா அது 2000-க்கு முன்னாடி செஞ்ச டயர், அப்பவே கழட்டிடுங்க. இந்த தேதி பல டயர்ல ஒரு பக்கம்தான் இருக்கும், அது உள்பக்கமா மாட்டியிருந்தா வண்டிக்கு அடில படுத்துதான் பாக்கணும், படுங்க.

2012-ல சர்ரேல ஒரு கோச் பஸ்ஸோட முன் டயர் வெடிச்சு மரத்துல மோதி மூணு பேர் இறந்துட்டாங்க, அந்த டயருக்கு 19 வயசுக்கு மேல. அதுக்கப்புறம் இறந்த ஒரு பையனோட அம்மா வருஷக்கணக்கா போராடி, 2021 பிப்ரவரில இருந்து லாரி, பஸ் முன் வீல்ல பத்து வருஷத்துக்கு மேல ஆன டயர் போடக்கூடாதுன்னு இங்க சட்டம் வந்துச்சு. காருக்கு அப்படி வயசு சட்டம் இல்ல. என் கணக்கு ஆறு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் உத்து பாக்கணும், பத்து ஆச்சுன்னா பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாத்திடணும், நாலும் சேர்த்து.

காத்தும் டோனர் காரோட அளவுக்கு அடிக்காதீங்க. எம்எக்ஸ்-5-க்கு 26 பிஎஸ்ஐ, அறுநூறு கிலோ வண்டிக்கு அத வச்சா டயர் நடுவுல மட்டும்தான் ரோட்ட தொடும். இந்த மாதிரி வண்டிக்கு 18-ல இருந்து 20 வரைக்கும் வச்சு ஆரம்பிச்சு, ஓட்டிட்டு வந்து டயரோட சூட்ட குறுக்க மூணு இடத்துல தொட்டு பாத்து சரி பண்ணிக்கலாம்.

இப்ப பிரேக். மொத விஷயம், அழுத்தி மிதிச்சா முன் வீல்தான் முதல்ல சுத்தாம லாக் ஆகணும். முன்னாடி லாக் ஆனா வண்டி நேரா போய் நிக்கும், பின்னாடி லாக் ஆனா சுத்திடும், இவ்வளவு சின்ன வண்டில அத கைல பிடிக்க நேரமே கிடைக்காது. டோனர் கார்ல கம்பெனிக்காரங்க அந்த எடைக்கு கணக்கு போட்டு முன்ன பின்ன பிரிச்சு வச்சிருப்பாங்க. நீங்க எடைய குறைச்சுட்டீங்க, டிரைவர் சீட்ட பின் ஆக்சில் கிட்ட தள்ளிட்டீங்க, பின்னாடி அகல டயர் போட்டீங்க, பெடலுக்கு பலம் சேக்கற சர்வோவ எடுத்துட்டீங்க, பழைய கணக்கு ஒண்ணும் மிச்சமில்ல. ஐவிஏல, முன் பின் பிரேக் பலத்த பிரிக்கற பயாஸ் பாரை இனிமே திருப்ப முடியாத மாதிரி பூட்டிட்டு வரச் சொல்றதுக்கு காரணமும் இதுதான். அதுக்கப்புறமும் ஒருத்தர் பின் டிஸ்க்குக்கு மட்டும் நல்லா கடிக்கிற பேட் வாங்கி போட்டுட்டு வந்தார், முன்னாடி பேட் தேயல அதனால மாத்தலன்னார். அந்த பாரை தொடாமலே முன் பின் பங்க மாத்தியாச்சு. ரேஸ் பேடும் அப்படித்தான், அது சூடானாதான் பிடிக்கும், இந்த வண்டி ரோட்ல அத சூடாக்கவே ஆக்காது, வீட்டு தெரு முனைல நிக்க வேண்டிய இடத்துல நிக்காது.

சர்வோ இல்லாததால பெடல் கல்லு மாதிரி இருக்குன்னு, பெடல மிதிச்சா பிரேக் ஆயில தள்ளற மாஸ்டர் சிலிண்டர சின்னதா மாத்துவாங்க. முக்கால் இன்ச்ல இருந்து 0.625 இன்ச்சுக்கு போனா அதே காலுக்கு 44 சதவீதம் அதிகம் பிரஷர் கிடைக்கும், ஆனா பெடல் அந்த அளவுக்கு கூடுதலா உள்ள போகும். ஒண்ண வாங்கினா ஒண்ண குடுக்கணும், பெடல் தரைல முட்டறதுக்கு முன்னாடி எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

பிரேக் ஆயில் போற பைப்போட ஃபிட்டிங்தான் எனக்கு ரொம்ப பயம். 10 மி.மீ.ல மரைக்கு மரை 1 மி.மீ. ஒரு வகை, இன்ச் கணக்கு மரையான 3/8 இன்ச் யுஎன்எஃப் இன்னொரு வகை. ரெண்டையும் உள்ளங்கைல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 3/8 ஃபிட்டிங் 9.5 மி.மீ.தான், 10 மி.மீ. ஓட்டைக்குள்ள அது லொட லொடன்னு போயிடும், கடைசில இறுகின மாதிரியும் இருக்கும், மெல்ல மிதிச்சா ஒரு சொட்டு ஒழுகாது. குழந்தை குறுக்க ஓடி வந்து முழு பலத்துல மிதிக்கற அன்னைக்கு மரை உருவிக்கிட்டு வெளிய வரும். வெவ்வேற கார்ல இருந்து சாமான் சேக்கறவங்களுக்கு இது கட்டாயம் வரும், அதனால மரை கேஜ் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, கையால சுத்தறப்பவே ஆட்டம் இருக்கற ஃபிட்டிங்க தூக்கி போடுங்க. ஒழுகுதுன்னு வெள்ளை டேப் சுத்தாதீங்க, அங்க அடைக்கறது மரை இல்ல, பைப் நுனில விரிச்ச ஃபிளேர். ஃபிளேர்லயும் ரெண்டு வகை இருக்கு, எதிர்ல அது போய் உக்கார்ற இடத்துக்கு எது பொருந்துமோ அதுதான் அடிக்கணும்.

ரெண்டு வாரம் முன்னாடி ஒருத்தர் மூணு லிட்டர் பிரேக் ஆயில் ஊத்தி ஏர் எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்குன்னு வந்தார். வீல கழட்டினதும் தெரிஞ்சுடுச்சு, இடது காலிபர் வலதுல, வலது இடதுல. அப்படி மாட்டினா ஏர் எடுக்கற நிப்பிள் அடில வந்துடும், காத்து மேல நிக்கும், எத்தனை நாள் எடுத்தாலும் வராது. மாத்தி மாட்டினோம், பத்து நிமிஷத்துல பெடல் கெட்டியாயிடுச்சு. அவர் ஊத்தின ஆயில்ல ஒரு பாட்டில் டாட் 5, மத்தது டாட் 4, இங்க டாட்னா ஆயிலோட ரகம். டாட் 5 சிலிக்கான், டாட் 4 கூட சேரவே கூடாது, முழுசா கழுவி சீல் எல்லாம் மாத்த வேண்டியதா போச்சு. டாட் 5.1-ன்றது வேற, அது டாட் 4 கூட சேரும், பேர்ல இருக்கற அந்த ஒரு புள்ளிய கவனிங்க.

எங்க அண்ணைக்கு டோனரோட பழைய வீலையே திரும்ப மாட்டினேன், பதினாறு ஸ்டட்டும் புதுசு, நட்டும் புதுசு, டார்க் ரெஞ்ச்ல 110 நியூட்டன் மீட்டர், குறுக்கும் நெடுக்குமா. அந்த அழகான ரிம்ம விக்கறேன்னார், "98-ன்னு பெயின்ட்ல எழுதிட்டு வில்லுங்க அண்ணை"ன்னேன், அங்கயே மார்க்கர் வாங்கி நாலுலயும் உள்பக்கம் எழுதினார். ஐம்பது மைல் ஓடிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினேன், அடுத்த சனிக்கிழமை வந்தார். நடுக்கம் சுத்தமா இல்லன்னார். டார்க் ரெஞ்ச வச்சேன், பதிமூணு நட் அசையல, முன் இடது வீல்ல மூணு நட் மட்டும் கால் சுத்துக்கும் கம்மியா திரும்பி கிளிக்னுச்சு. கழட்டி பாத்தா அந்த ஹப் முகத்துல மட்டும் பச்சை பெயின்ட் மெல்லிசா இருந்துச்சு, சுரண்டி எடுத்துட்டு திரும்ப மாட்டி, இன்னொரு ஐம்பது மைல் ஓடிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன்.