அபாப்டோசிஸ்: உயிரணு உதிர்வு

கண் இமை தொங்கிப்போவதை மருத்துவர்கள் 'டோசிஸ்' என்பார்கள். கிரேக்கத்தில் அதற்கு விழுதல் என்று பொருள். முன்னால் 'விலகி' என்ற பொருள் தரும் 'அபோ' சேர்ந்தால் அபாப்டோசிஸ். பூவிலிருந்து இதழும் மரத்திலிருந்து இலையும் கழன்று விழுவதைச் சொல்லும் பழைய கிரேக்கச் சொல் இது. ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டர் கரி மூவரும் 1972இல் ஒருவகை உயிரணு இறப்புக்குப் பெயர் வைத்தபோது, அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் இதை எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது 'ப்' ஒலிக்க வேண்டாம் என்றும் அவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். யார் கேட்டார்கள்?

அடிபட்ட உயிரணு வீங்கி வெடித்து, சுற்றிலும் அழற்சியைக் கிளப்பிவிட்டுச் சாகும். அது நெக்ரோசிஸ். அபாப்டோசிஸில் உயிரணு சுருங்குகிறது, தன் டிஎன்ஏவைத் துண்டாக்குகிறது, சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. அக்கம்பக்கத்து உயிரணுக்கள் அவற்றை விழுங்கிவிடும். கருவில் விரல்களுக்கு இடையே இருக்கும் சவ்வு இப்படித்தான் மறைகிறது.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு இந்தச் சொல்லில் ஒரு உள்ளூர்த் தொடர்பும் உண்டு. ஜொகானஸ்பர்க்கை ஒட்டிய ஜெர்மிஸ்டனில் 1927இல் பிறந்தவர் சிட்னி பிரென்னர். செருப்புத் தைப்பவரின் மகன், விட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பின்னாளில் கேம்பிரிட்ஜில், மூளையும் நரம்பும் உருவாகும் விதத்தை அறிய ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சி. எலிகன்ஸ் புழுவைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் புழு வளரும்போது 1,090 உடல் உயிரணுக்கள் தோன்றுகின்றன. அவற்றில் 131 தவறாமல் சாகின்றன, எப்போதும் அதே 131. அவற்றில் பெரும்பாலானவை நரம்பணுக்கள் ஆகியிருக்க வேண்டியவை. மிஞ்சும் நரம்பணுக்கள் 302. உறுப்பு வளர்ச்சியையும் இந்த இறப்பையும் மரபணுக்கள் நடத்துவதைக் கண்டறிந்ததற்காக பிரென்னர், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் மூவரும் 2002இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் மூளையும் தேவைக்கு மேல் நரம்பணுக்களை உண்டாக்கிவிட்டு, சரியான இடத்தில் இணைப்புக் கிடைக்காதவற்றை உதிர்த்துவிடுகிறது. அப்புறம் மூப்பு. பிரென்னரின் ஆய்வகத்தில் பயின்ற சிந்தியா கென்யன், அதே புழுவில் 'டாஃப்-2' என்ற ஒரே மரபணு மாறினால் ஆயுள் இரட்டிப்பாகும் என்று 1993இல் காட்டினார். மூப்பில் இந்த உதிர்வுக்குச் சிக்கல் இரண்டு பக்கமும் வரும். மூப்போடு வரும் சில நோய்களில் இருக்க வேண்டிய நரம்பணுக்கள் அழிகின்றன. பிரிவதை நிறுத்திக்கொண்ட கிழட்டு உயிரணுக்களோ விழாமல் தங்கி, அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கசியவிடுகின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'செல் தற்கொலை' என்று பத்திரிகைகள் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. உயிரணுவுக்கு ஏது மனவேதனை? பல நேரம் சாகச் சொல்லும் கட்டளையே வெளியிலிருந்து வருகிறது. 'திட்டமிட்ட உயிரணு இறப்பு' சரியான பொருள்தான், ஆனால் இதைவிட விரிந்த வகைக்கு உரியது. 'தன்மடிவு' பரவாயில்லை, அதில் இலை மட்டும் இல்லை.

டர்பன் பக்கம் வார இறுதியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில்தான் கற்கிறார்கள். அவர்களுக்கு 'உயிரணு உதிர்வு' என்றால் போதும். சாட்ஸ்வர்த் வீட்டு முருங்கை பழுத்த இலையைக் கொட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். மரம்தான் காம்படியில் ஒரு படலத்தைக் கட்டி இலையைக் கழற்றிவிடுகிறது, ஆகவே ஒப்புமையும் பிசகவில்லை.

இன்னும் பழைய சொல் வேண்டுமென்றால் 'வீ' இருக்கிறது. பெயர்ச்சொல்லாக உதிரும் பூ. வினையாக இறத்தல், அழிதல். 'வினைப்பகை வீயாது பின்சென்று அடும்' என்ற 207ஆம் குறளில் வருவது அந்த வினைதான். கிரேக்கர் இரண்டு துண்டை ஒட்டிச் சொன்னதை ஓரெழுத்து சொல்லிவிடுகிறது. ஆனால் பாடநூலில் 'உயிரணு வீ' என்று அச்சிட்டால் எழுத்துப்பிழை என்றுதான் நினைப்பார்கள். அதனால் என் ஓட்டு உதிர்வுக்கே. நெக்ரோசிஸுக்கு நசிவு, உயிரணு பிரிவதை நிறுத்திக்கொள்ளும் செனசன்ஸுக்கு மூப்பு என்று வைத்துக்கொண்டால் மூன்றும் குழம்பாது.