சொல் விளக்கம்: லேசர் லெவல்

சுவரில் ஒளிக்கோடு விழவைத்து மட்டம் காட்டும் கருவி. பெயரில் உள்ள இரண்டு சொல்லும் இரவல்.

லேசர் என்பது 'லைட் ஆம்ப்ளிஃபிகேஷன் பை ஸ்டிமுலேட்டட் எமிஷன் ஆஃப் ரேடியேஷன்' என்ற தொடரின் முதலெழுத்துக் கோவை. 1957-இல் கார்டன் கூல்ட் தம் குறிப்பேட்டில் எழுதிய பெயர் இது. முதல் லேசரை 1960-இல் இயக்கிக் காட்டியவர் தியோடர் மைமன். தமிழில் சீரொளி. அலைகள் முன்பின் ஆகாமல் ஒரே சீராக வருவதைச் சொல்வதால் பொருத்தமான ஆக்கம்.

லெவல், லத்தீன் 'லிபெல்லா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. லிப்ரா தராசு, லிபெல்லா சின்னத் தராசு. நம் மட்டம், அளவு, எல்லை எனப் பொருள்படும் 'மட்டு' என்பதற்கு உறவு. 'மட்டமான சரக்கு' என்றால் வசவு. கொத்தனார் தரையைப் பார்த்து "மட்டமா இருக்கு" என்றால் பாராட்டு. ரசமட்டம், மூலைமட்டம் என்று இந்தச் சொல் ஏற்கெனவே வேலையிடத்தில் புழங்குகிறது.

சிக்கல் 'செல்ஃப் லெவலிங்' என்ற அடைமொழியில்தான். 'தானே மட்டமாகும்' என்று சொன்னதும் எப்படி வைத்தாலும் சரியாகக் காட்டும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. உள்ளே இருப்பது ஒரு தூக்குக்குண்டின் தம்பி. ஒளி தரும் பகுதி ஊசல்போலத் தொங்குகிறது. காந்தம் அதன் ஆட்டத்தை அடக்குகிறது. பெரும்பாலான கருவிகளில் இந்த ஊசல் ஏறத்தாழ 4 பாகை சாய்வு வரைதான் ஈடுகட்டும். அதற்கு மேல் சாய்ந்தால் கோடு மினுக்கும், அல்லது கருவி ஒலியெழுப்பும். அப்போது முக்காலியின் காலைச் சரிசெய்ய வேண்டும். பூட்டுப் பொத்தானைப் போட்டால் ஊசல் அசையாது; பயணத்தில் அடிபடாமல் காக்கவும், மாடிப்படிச் சரிவுபோலச் சாய்கோடு போடவும் அது உதவும். பூட்டிய நிலையில் விழும் கோட்டை மட்டக்கோடு என்று நம்பி டைல்ஸ் ஒட்டினால் வரிசை முழுக்கக் கோணல்தான்.

தமிழ்ப் பெயராக 'மட்டமானி' என்று சிலர் எழுதுவது சரியில்லை. வெப்பமானி அளந்து எண் சொல்லும்; இது எதையும் அளப்பதில்லை, காட்டுகிறது. திசைகாட்டிபோல 'மட்டங்காட்டி' என்பதே பொருந்தும். முழுப்பெயர் தன்மட்டச் சீரொளி மட்டங்காட்டி. வாய்க்கு நீளம்தான், எழுத்தில் 'சீரொளி மட்டங்காட்டி' போதும். வேலையிடத்தில் லேசர் லெவல் என்றே சொல்லிக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகாது.

காட்டுவது உண்மையா என்று பார்க்க எதிரெதிரே 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுவர் வேண்டும். முதல் சுவரை ஒட்டிக் கருவியை வைத்து அச்சுவரில் கோட்டைக் குறியுங்கள். கருவியைத் திருப்பி எதிர்ச்சுவரிலும் குறியுங்கள். பிறகு கருவியை எதிர்ச்சுவரின் பக்கம் கொண்டுபோய், அங்குள்ள குறியிலேயே கோடு விழும்படி உயரத்தை அமைத்து, முதல் சுவரை நோக்கித் திருப்புங்கள். அங்கே பழைய குறிக்கும் புதிய கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 மீட்டர் தூரத்துக்கான பிழை. கருவியின் கையேடு மீட்டருக்கு 0.3 மி.மீ. என்றால் 3 மி.மீ. வரை பரவாயில்லை. அதைத் தாண்டினால் பழுதுநீக்காமல் பயன்படுத்தாதீர்கள். கருவி ஒருமுறை கீழே விழுந்திருந்தால், இப்படிச் சோதித்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.

கோட்டுக்கே 2 மி.மீ. அளவுக்குத் தடிமன் உண்டு. தூரம் கூடக்கூட அதுவும் கூடும். மேல் விளிம்பில் குறித்தால் கடைசிவரை மேல் விளிம்பிலேயே குறிக்க வேண்டும். குளியலறைத் தரைக்கும் கோடு மட்டமாகவே விழும், சரிவைக் கருவி தராது. 100-க்கு 1 சரிவு வேண்டுமானால், 2 மீட்டர் தள்ளியுள்ள வடிகால் வாயில், கோட்டிலிருந்து தரைவரை டேப்பில், சரிவு தொடங்கும் இடத்தில் வந்ததைவிட 20 மி.மீ. கூடுதலாக வர வேண்டும்.