அந்த நீல விளக்கு லேசர் இல்லை

திருமணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில் ஒரு மணப்பெண் வெந்த ஈறோடு வந்தார். மேல்வரிசை ஈறு வெளுத்து, இரண்டு இடங்களில் புண்ணாகியிருந்தது. குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசித் துடித்தார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து அழகு நிலையம் ஒன்றில் முக அலங்காரத்தோடு சேர்த்துப் பல்லுக்கு ‘லேசர் வெண்மை’யும் செய்துகொண்டாராம். “வெறும் ஒளிதானே டாக்டர், மருந்து எதுவும் இல்லை என்றார்களே” என்றார். இப்படி வருபவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே உங்கள் வாய்க்கு முன்னால் வைக்கிறார்களே நீல விளக்கு, அது பெரும்பாலும் சாதாரண எல்இடி விளக்கு. பல்லை வெளுக்க வைப்பது அதுவல்ல. அதற்கு முன் பல்லில் தடவிய பசை. அதில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது அதை வெளியிடும் கார்பமைடு பெராக்சைடு. பல்லின் வெளிப்படலமான எனாமலுக்குள் ஊடுருவிக் கறையைச் சிதைப்பது அந்த வேதிப்பொருள்தான். பல் மருத்துவரிடம் உண்மையான லேசரை வைத்துச் செய்தாலும் வெளுப்பது பசையால்தான். லேசர் அதைச் சற்று விரைவுபடுத்தலாம், அவ்வளவே. பசையை எடுத்துவிட்டு ஒளியை மட்டும் நாள் முழுக்கக் காட்டினாலும் பல்லில் படிந்த தே தாரிக் கறை அசையாது. நாங்கள் கிளினிக்கில் பயன்படுத்தும் பசையில் பெராக்சைடு 40 சதவீதம் வரைகூட இருக்கும். ஆகவேதான் ஈறின் மேல் முதலில் பாதுகாப்புப் படலம் போடுகிறோம். சொத்தையும் விரிசலும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் தொடுவதே இல்லை. சொத்தை வழியாகப் பசை இறங்கினால் நரம்பு வரை வலிக்கும். இன்னொன்று: சொத்தையை அடைத்த ஃபில்லிங்கும் பல்லுக்கு மேல் உறையாகப் போட்ட கிரவுனும் எந்தப் பசைக்கும் வெளுக்காது. சுற்றியுள்ள பல் வெளுத்து அவை மட்டும் பழுப்பாகத் தனித்து நிற்கும். இதை அழகு நிலையத்தில் யார் சொல்லப் போகிறார்கள்?

லேசரே ஏமாற்று என்று சொல்லவில்லை. நானே பயன்படுத்துகிறேன். டயோடு லேசர் ஈறை வெட்டும்போதே இரத்தக் கசிவை அடக்கிவிடும். பல தருணங்களில் தையல் தேவைப்படாது. ஆனால் அது பல்லைக் குடையாது. பல்லைக் குடைய எர்பியம் லேசர் வேண்டும். அதன் அலைநீளம் 2,940 நானோமீட்டர். பல்லில் உள்ள நீர் அதை உறிஞ்சி நொடியில் ஆவியாகும்போது சொத்தை துணுக்குத் துணுக்காகத் தெறிக்கிறது. 1997இல் அமெரிக்காவில் பல்லின் கடினப் பகுதிக்கு அனுமதி பெற்ற கருவி அது. சிறு சொத்தைக்கு மரப்பு ஊசி இல்லாமலே சில சமயம் முடிந்துவிடும். ‘சில சமயம்’ என்பதைக் கவனியுங்கள். பழைய வெள்ளிநிற அமால்கம் ஃபில்லிங்கை லேசரால் எடுக்கக் கூடாது, பாதரச ஆவி கிளம்பும். கிரவுனுக்குப் பல்லைச் செதுக்க இன்றும் டிரில்தான். எனவே “லேசர் இருக்கிறதா?” என்று கேட்பதற்கு முன், “என் பல்லுக்கு என்ன?” என்று கேளுங்கள்.

மலேசியாவில் பல் மருத்துவச் சட்டம் 2018, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வது குற்றம். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் மருத்துவரின் பெயரைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நடப்பு ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் எங்கே என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

லேசரை இயக்கும் முன் உங்களுக்கும் மருத்துவருக்கும் உதவியாளருக்கும் அந்த அலைநீளத்துக்கே உரிய கண்ணாடி வேண்டும். குளிர்கண்ணாடி போதும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், விழித்திரை போனால் திரும்பாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள் வெண்மைச் சிகிச்சையைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம், அவசரமே இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். கன்னம் வீங்கி வலிக்கும்போது லேசர் உள்ள கிளினிக்கைத் தேடிச் செந்தூலுக்கும் பங்சாருக்கும் அலைந்து நாளைக் கடத்தாதீர்கள். சீழை வெளியேற்ற லேசர் தேவையில்லை. அருகிலுள்ள பல் மருத்துவரிடம் அன்றே போங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், பல் கிளினிக்குக்கூட வேண்டாம். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.