செல்போனுக்கு ஏன் 2 வாட் வரம்பு? ரேடியோ அலையும் நம் உயிரணுக்களும்

பெரும்பாலான நாடுகளில் ஒரு செல்போன் விற்பனைக்கு வருவதற்கு முன் ஒரு சோதனையில் தேறியாக வேண்டும். அதன் ரேடியோ அலையில் எவ்வளவு ஆற்றல் நம் உடம்புக்குள் இறங்குகிறது என்று பார்க்கிற சோதனை அது. ஒரு கிலோ திசுவுக்கு இத்தனை வாட் என்று அளப்பார்கள். போன் பெட்டியிலோ கையேட்டிலோ எஸ்.ஏ.ஆர். என்று போட்டிருப்பது இந்த அளவைத்தான். ஐரோப்பாவில் தலைக்கு 2 வாட் வரை அனுமதி. 10 கிராம் திசுவில் சராசரி பார்ப்பார்கள். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் 1.6 வாட், சராசரி 1 கிராமில். சிறிய துண்டில் சராசரி எடுக்கும்போது ஒரே இடத்தில் குவியும் உச்சம் மறைந்துபோகாது. அதனால் எண்கள் காட்டுவதைவிட இரண்டாவது விதி கறாரானது.

சரி, இந்த எண் எங்கிருந்து வந்தது? அதற்கு முதலில், இந்த அலை உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரே ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானையே பிடுங்கிவிடும், டி.என்.ஏ.வை அறுக்கும். அதற்குச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானில், அதாவது அலையின் ஒற்றை ஆற்றல் பொட்டலத்தில், இருப்பது அதில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். இந்த அலை வேலை செய்யும் விதமே வேறு. நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின். அலையின் மின்புலம் நொடிக்கு 240 கோடி முறை முன்னும் பின்னும் மாற, உயிரணுவுக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகளும் கூடவே திரும்பப் பார்க்கின்றன. பக்கத்து மூலக்கூறுகளோடு உரசிச் சூடாகின்றன. சூடு மிஞ்சினால் புரதங்கள் வடிவம் குலையும். அதைச் சமாளிக்க உயிரணு 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை' உருவாக்கும். ஓடுகிற ரத்தமும் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். விழிலென்ஸில் ரத்தக்குழாயே கிடையாது. மிகக் கடுமையான கதிர்வீச்சில் அங்கே புரை விழுவது விலங்குச் சோதனைகளில் தெரிந்த விஷயம்.

உடம்பு முழுக்கக் கிலோவுக்கு 4 வாட் அரை மணி நேரம் இறங்கினால் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி ஏறலாம் என்பது கணக்கு. அயனியாக்காக் கதிர்வீச்சுக்கான (எலக்ட்ரானைப் பிடுங்க முடியாத அலைகளுக்கான) பன்னாட்டு ஆணையம் 2020இல் புதுப்பித்த வழிகாட்டுதலில், பொதுமக்களுக்கு அதை 50ஆல் வகுத்து 0.08 வாட் என்று வைத்திருக்கிறது. தலைக்குச் சூடு மிஞ்சும் எல்லையாக வைத்த 20 வாட்டை 10ஆல் வகுத்து 2 வாட்.

2023இல் பிரான்சின் அலைவரிசை முகமை ஐபோன் 12ஐ உடலோடு ஒட்டிவைத்துச் சோதித்தபோது, கைகால்களுக்கான 4 வாட் வரம்பைத் தாண்டி 5.74 வந்தது. விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். மென்பொருளை மாற்றிய பிறகுதான் மீண்டும் அனுமதி. வரம்பு தாண்டியதால் யாருக்கும் உடனே காயம் என்று பொருளில்லை. ஆனால் பாதுகாப்புக்கென்று விட்ட இடைவெளியை நிறுவனங்கள் தின்னக் கூடாது. அதைக் கண்காணிக்க அரசு இருந்தே ஆக வேண்டும்.

இந்த வரம்பு சூட்டை வைத்துப் போட்டது என்பதை மறக்கக் கூடாது. சூடாகாத அளவிலும் உயிரணுக்களில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் (உயிரணுவைச் சிதைக்கும் மூலக்கூறுகள் பெருகுவது) ஏற்படுகிறதா என்று பல ஆய்வுகள் நடந்துள்ளன. முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 2018இல் வெளியான அமெரிக்க எலி ஆய்வில், தினமும் 9 மணி நேரம் உடல் முழுக்கக் கதிர்வீச்சு பெற்ற ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் தென்பட்டன. ஆனால் அதே எலிகள் கதிர்வீச்சு படாத எலிகளைவிட அதிக நாள் வாழ்ந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2011இலேயே இந்த அலைகளை '2பி' வகையில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயப் பட்டியலில் வைத்தது.

உங்கள் போனின் அளவைத் தெரிந்துகொள்ளப் பல போன்களில் *#07# அழுத்தினால் போதும். திரையில் வருவது போன் முழு வீச்சில் இயங்கும்போது அளந்த உச்சம். சிக்னல் நன்றாக இருந்தால் போன் தன் வீச்சைத் தானே குறைத்துக்கொள்ளும். லிஃப்டிலோ நிலத்தடித் தளத்திலோ சிக்னல் தேய்ந்தால் கூட்டும், அங்கே நீளமாகப் பேச வேண்டாம். இயர்போன் போட்டாலே தலைக்குப் போவது வெகுவாகக் குறையும்.

அப்புறம், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வரம்பை நம்பி இருந்துவிடக் கூடாது. வரம்பு திசுவுக்குத்தான், கருவியில் ஏற்படும் குறுக்கீட்டை அது கணக்கில் எடுப்பதில்லை. சட்டைப் பையில் வைக்காமல் மார்பிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைத்து, எதிர்ப்பக்கக் காதில் பேசுங்கள்.