ட்ரெபிள் குமிழில் இரண்டு புள்ளி

“அண்ணே, ஒரு நல்ல பிராண்டா பார்த்துச் சொல்லுங்க.”

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் பழுது பார்க்கும் கடை வைத்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. இந்தக் கேள்விக்கு நான் இதுவரை சொன்ன பதில்களை யாராவது எழுதி வைத்திருந்தால் என் மானம் போயிருக்கும். கடை திறந்த புதிதில் ஒரு பெயரைச் சொல்லிச் சத்தியம் பண்ணினேன். பத்து வருஷம் கழித்து அதே பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தேன். இப்போது யாராவது கேட்டால், “எந்த வருஷத்துச் செட்டு?” என்று திருப்பிக் கேட்கிறேன். கேட்டவருக்கு எரிச்சல்தான். ஆனால் பெயரை மட்டும் பார்த்து ஆயிரக்கணக்கில் வெள்ளியை (ரிங்கிட்டை) கொட்டிவிட்டு என் மேசைக்கு வருகிறவர்கள் குறையவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். எழுபதுகளின் கடைசியில், சாயங்காலம் பாட்டுச் சத்தம் கேட்டால் அது லோரி ஓட்டும் மாமா வீடுதான். ஈப்போவில் தவணைக்கு எடுத்த சன்சுயி ஆம்ப்ளிஃபையர். வெள்ளி நிற முகப்பு, கையில் கனக்கும் குமிழ்கள். பிள்ளைகள் நாங்கள் வாசலில் நின்று பார்ப்போம், தொட விடமாட்டார். சன்சுயி, அக்காய், பயனியர் என்றால் அன்றைக்கு அந்த வீட்டுக்கே ஒரு மதிப்பு.

தொண்ணூறுகளில் மினி கொம்போ வந்தது. சிடி, இரண்டு கேசட், கலர் விளக்கு, முகப்பில் ‘பிஎம்பிஓ 1000 வாட்’ என்று ஒரு ஒட்டுத்தாள். அவ்வளவுதான், பழைய செட்டெல்லாம் கிழவன் சாமான் ஆகிவிட்டது. அந்தக் கொம்போவின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் மின்சாரம் 80 வாட் என்று போட்டிருக்கும். சுவரிலிருந்து 80 வாட் எடுக்கிற பெட்டி 1000 வாட்டை எங்கிருந்து கொடுக்கும்? கண் இமைக்கும் நேரத்துக்கு வரக்கூடிய உச்சத்தைக் காகிதத்தில் பெருக்கிப் போடுவதுதான் பிஎம்பிஓ. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது பெட்டி தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு. பாசார் மாலாமில், அதான் இரவுச் சந்தையில், விற்கும் சக்கரம் வைத்த ஸ்பீக்கர்களில் இன்றைக்கும் இதே கூத்து நடக்கிறது.

அந்தக் காலத்தில் நான் செய்த பாவம் ஒன்று உண்டு. வீட்டை விட்டுத் தள்ளிய பழைய ஆம்ப்களை இருபது, முப்பது வெள்ளிக்கு வாங்கி, டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து, செம்பைக் கிலோ கணக்கில் விற்றேன். இன்று அந்த வீட்டுப் பேரன்கள், இசைத்தட்டு மோகம் திரும்பி வந்த பிறகு, அதே மாடலைப் போனில் காட்டி “கிடைக்குமா அண்ணே” என்கிறார்கள். எத்தனை உருக்கினேன் என்று நான் வாயைத் திறப்பதில்லை.

எல்லாப் பெயரும் மேலே போய்க் கீழே வந்தவையும் இல்லை. 1978-இல் வந்த என்ஏடி 3020 ஆம்ப் பார்க்கச் சாம்பல் நிறப் பெட்டி, ஒரு பக்கத்துக்கு 20 வாட் மட்டும். முள் மீட்டர் கிடையாது, பளபளப்பு கிடையாது. எங்கள் பக்கம் அதை யாரும் சீண்டவில்லை. ஆனால் காகிதத்தில் 20 என்றாலும் கடினமான ஸ்பீக்கரைக்கூடத் தாங்கி ஓட்டும் மின்னோட்டம் அதில் இருந்தது. முதன்முதலில் மூடியைக் கழற்றியபோதுதான் எனக்கே அதன் மேல் மரியாதை வந்தது.

இப்போது பெயர் விஷயம். பெயர் அப்படியே இருக்கும், உள்ளே ஆள் மாறிவிடுவார்கள். மராண்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சால் மராண்ட்ஸ் 1953-இல் நியூயார்க்கில் தொடங்கினார். 1964-இல் சூப்பர்ஸ்கோப் வாங்கியது, 1980-இல் பிலிப்ஸ், 2002-இல் டெனனோடு சேர்ந்து டி அண்ட் எம், 2017-இல் சவுண்ட் யுனைட்டெட், 2022-இல் மருத்துவக் கருவி செய்கிற மாசிமோ, 2025-இல் சாம்சுங்குக்குச் சொந்தமான ஹார்மன். “எங்கப்பா மராண்ட்ஸ் வெச்சிருந்தார், நானும் அதேதான் வாங்குவேன்” என்று சொல்லும் தம்பி, அப்பா வாங்கிய அதே கம்பெனியிடமிருந்து வாங்கவில்லை. அதற்காகப் புதியது மட்டம் என்று சொல்ல வரவில்லை. அளவிட்டால் புதியதில் இரைச்சல் பெரும்பாலும் குறைவு. இரண்டும் வேறு வேறு சாமான், அவ்வளவே.

சன்சுயியின் கதை இன்னும் சோகம். ஜப்பான் கம்பெனி 2014-இல் திவாலானது. அதற்கு முன்பே இந்தியாவில் அந்தப் பெயரை வேறொரு கம்பெனி தொலைக்காட்சிப் பெட்டியில் ஒட்டி விற்றுக்கொண்டிருந்தது. இங்கிலாந்துக்காரன் சாமான் என்று பெருமையாகச் சொல்கிறோமே, குவாடும் வார்ஃப்டேலும், அவை இன்று சீனாவின் ஐஏஜி கையில். கெஃப் 1992-லிருந்து ஹாங்காங்கின் கோல்ட் பீக்கிடம் இருக்கிறது. “சீனச் சாமான் வேண்டாம், எனக்கு வார்ஃப்டேல்தான்” என்று ஒருவர் அடம் பிடித்தபோது சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டேன். இன்னொன்று நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. டிஜேக்கள் கொண்டாடும் இசைத்தட்டுச் சுழலி டெக்னிக்ஸ் எஸ்எல்-1200, 2010-இல் நின்றுபோய் 2016-இல் திரும்பி வந்தது. அதில் 2019-இல் வந்த எம்கே7 மலேசியாவில் செய்தது. “ஜப்பான்ல செஞ்சதுதான் வேணும்” என்று உள்ளூர்க்காரரே அதை ஒதுக்கும்போது என்ன சொல்ல.

சரி, காது பொய் சொல்லுமா? கண் திறந்திருந்தால் சொல்லும். 1994-இல் ஹார்மனில் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் சேர்ந்து அந்தக் கம்பெனி ஊழியர்கள் 40 பேரை உட்காரவைத்து நான்கு ஸ்பீக்கர்களைக் கேட்கவைத்தார்கள். முதலில் திரைக்குப் பின்னால், அப்புறம் பார்வைக்கு வைத்து. கண்ணுக்குத் தெரிந்ததும் பெரிய, விலை கூடிய ஸ்பீக்கர்களின் மதிப்பெண் ஏறியது, சின்ன பிளாஸ்டிக் பெட்டியின் மதிப்பெண் இறங்கியது. கேட்டுப் பழகியவர்களும் இதிலிருந்து தப்பவில்லை.

நான் இதைக் கடையில் ஒரு பழைய கைலியைக் கட்டித் தொங்கவிட்டுச் செய்வதுண்டு. ஒன்று மட்டும் முக்கியம். இரண்டு செட்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மீட்டர் வைத்துச் சரிபார்க்காமல் செய்தால், அரை டெசிபலோ ஒரு டெசிபலோ கூடுதலாக ஒலிப்பதைத்தான் ‘தெளிவு’, ‘உயிர்’ என்றெல்லாம் சொல்வோம். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நாற்பது வருஷச் செட்டைப் புதுசோடு ஒப்பிட்டு “அந்த பிராண்டில் பேஸே இல்லை” என்று தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்பீக்கர் விளிம்பில் இருக்கும் நுரைப்பஞ்சு நம் ஊர் ஈரக்காற்றில் பொடிப்பொடியாக உதிரும். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர் சூட்டில் காயும். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். நீங்கள் கேட்பது அந்த பிராண்டை இல்லை, செத்த கப்பாசிட்டரை.

போன வருஷம் ஓய்வுபெற்ற ஒரு ஐயா சன்சுயியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார், பேத்தியும் கூட. செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். “தம்பி, முப்பது வருஷமா இதுதான் உசத்தின்னு ஊரெல்லாம் சொன்னேன். மூணு மாசமா பாட்டெல்லாம் போர்வைக்குள்ள பாடுற மாதிரி இருக்கு. இதைத் தள்ளிட்டு வேற நல்ல பிராண்டு வாங்கிடறேன்.”

இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். ரிலே முனைகளைத் துடைத்தேன், நான்கு கப்பாசிட்டர் மாற்றினேன். ஆசிலாஸ்கோப்பில் 20,000 ஹெர்ட்ஸ் வரை கோடு நேராக நின்றது. அவர் வந்தபோது சோதனை ஒலி எழுப்பும் ஜெனரேட்டரை இணைத்து சுருதியை ஏற்றிக்கொண்டே போனேன். 1,000 ஹெர்ட்ஸ் கேட்டது. 4,000-இல் “நிறுத்திட்டியா?” என்றார். பேத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

இயந்திரச் சத்தம் காதைத் தின்றால் முதலில் போவது பெரும்பாலும் அந்த 4,000 பக்கம்தான். வயசு அதற்கு மேலே இருப்பதைத் தின்னும். அவர் வேலை பார்த்த காலத்தில், ஆலைச் சத்தத்துக்கான 1989 விதிப்படி, எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதி. 2019-இல்தான் அது 85 ஆனது. நான் டாக்டர் இல்லை. செட்டில் கோளாறு இல்லை, ஒருமுறை காதைப் பரிசோதித்துவிடுங்கள் ஐயா என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அவரைப் போன்றவர்கள் அந்த வருத்தத்தோடு நேராகப் போய் விழுவது ஜப்பானின் பழைய செட்டுகளை விற்கும் ‘ஜப்பான் ரீகண்டிஷன்’ கடைகளில். ஜப்பானுக்குள் விற்ற செட்டுகள் 100 வோல்ட். நம் சுவரில் இருப்பது 230, 240. நேராகச் செருகினால் அந்த நிமிஷமே புகை. என் மேசையில் இப்படி வந்து கிடந்த பெட்டிகளுக்குக் கணக்கில்லை. பின்பக்கத் தகட்டைப் படியுங்கள், வோல்ட் மாற்றும் திருகு இல்லையென்றால் வோல்ட்டைக் குறைக்கும் தகுந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பழுது பார்த்து விற்றது என்றால் பவர் டிரான்சிஸ்டர் அசலா என்று கேளுங்கள். ஒருமுறை நானே ஒரு கடையில் வாங்கி ஏமாந்தேன். பிரபல எண் அச்சடித்திருந்தது, உடைத்துப் பார்த்தால் உள்ளே சிலிக்கான் துண்டு எள்ளளவு. பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. வாடிக்கையாளரின் ஸ்பீக்கரும் சேர்ந்து போனது, என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

ஐயா வேறு செட் வாங்கவில்லை. காதைக் காட்டிவிட்டு வந்தார், மருத்துவர் காதுக் கருவி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், பாட்டுக்கு அது சரிவரவில்லையாம். வீட்டில் புதிய சண்டை: அவர் கீச்சு ஒலியை ஏற்றும் ட்ரெபிள் குமிழை முழுக்கத் திருகி வைக்கிறார், பேத்தி பள்ளி விட்டு வந்ததும் குறைக்கிறாள். ஒருநாள் செட்டைத் தூக்கிக்கொண்டு இருவருமே வந்துவிட்டார்கள். குமிழைச் சுற்றி முகப்பில் வெள்ளைப் பெயின்டில் ஒரு புள்ளி வைத்தேன், அவருக்கு. சிவப்பில் ஒன்று, அவளுக்கு. கூலி வேண்டாம் என்றேன், கேட்காமல் ஐந்து வெள்ளியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.